இருபத்திரண்டு அங்குலம்

கரடிப்போக்குச் சந்திக் கடையில்
மூன்று துண்டுகளை மேசையில் பரப்பினான் டிலக்சன்,
கடுதாசி விளையாடுகிறவன் மாதிரி.
மெய்க்கல். அரைக்கல். படக்கல்.

மெய்க்கல் குளிர்ந்தது.
சதுர அடிக்கு அவன் சொன்ன விலை
அதைவிடக் குளிர்ந்தது.
என் அடுப்படிக்குப் பதினாலு சதுர அடி.
மனம் பெருக்கிப் பார்க்கும் முன்னமே
கை திரும்பி வந்துவிட்டது.

அரைக்கல், தூளும் பிசினும் சேர்த்து வார்த்தது.
வெட்ட வவுனியாவிலிருந்து ஆள் வரவேணும்,
வருகிறவருக்குக் கூலி, மத்தியானச் சாப்பாடு,
மழை பெய்தால் இன்னொரு நாள், இன்னொரு சாப்பாடு.

படக்கல் வெறும் தாள்.
எட்டடிக்கு நாலடி, நகத்தின் தடிப்பு,
சாம்பலும் கறுப்பும், இடையிடையே மினுக்கம்.
சுருட்டிக் கட்டி லாண்ட்மாஸ்டரில் போடலாம்.
"ஆரும் தட்டிப் பாத்தால்தான் தெரியும் அக்கா."
தட்டிப் பார்க்கிற சனம்தான்
வட்டக்கச்சியில் இருக்கிறது என்று
அவனுக்கு நான் சொல்லவில்லை.

பாசலிலிருந்து சின்னக்கா:
"நல்ல கல்லாப் போடு, பாதிக்காசு நான் தாறன்."
பாதிக்கல் அவளுடையது என்றால்
ஒவ்வொரு விடியலும் அவளைக் கேட்டுத்தான்
நான் தேங்காய் துருவவேணும்.
"யோசிக்கிறன்" என்றேன்.
யோசிக்கவில்லை.

இரவு, விறாந்தை லைற்றுக்குக் கீழ்
தாளை விரித்து நாலு மூலைக்கும் செங்கல் வைத்தோம்.
பத்து வருசமாய்க் காமென்ற்ஸில் துணி வெட்டுகிறவள் நான்.
பூப்போட்ட சீலையில் அதே பூ எங்கே திரும்பி வரும் என்று
கண்ணுக்கு முதல் கை சொல்லும்.
இதிலும் தேடினேன்.
இருந்தது.
ஒரு வெள்ளைக் கீறல்,
கொக்கு கழுத்தை மடித்த மாதிரி.
இருபத்திரண்டு அங்குலம் தள்ளி
அதே கொக்கு, அதே மடிப்பு.
இன்னும் இருபத்திரண்டு.
இன்னும்.
இரணைமடு வாய்க்காலில்
இரண்டு கொக்கு இப்படி நின்று நான் கண்டதில்லை.

"ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் இவர்.
எனக்குத் தெரியும்.

ஆகவே முதற் கொக்கை சிங்க் வரும் ஓட்டையில் வெட்டி எறிந்தேன்.
இரண்டாவது காஸ் அடுப்புக்குக் கீழ்.
மூன்றாவதின் மேல் அரிசி வாளி.
மூலையில் ஓட்டம் பொருந்த
ஒன்பது அங்குலம் வீணாய்ப் போனது,
அதற்கு இவர் இரண்டு நாள் முகம் நீட்டினார்.
நாலாவதை விட்டுவைத்தேன்,
யன்னல் பக்கம், வெளிச்சம் விழுகிற இடத்தில்,
தனியே.

பலகைக்கும் தாளுக்கும் கம் பூசி
விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்தோம்.
வைத்தால் வைத்ததுதான், பிறகு அசைக்க முடியாது.
நடுவில் ஈர்க்குகளை அடுக்கி
தாளை மேலே கிடத்தி
ஒவ்வொரு ஈர்க்காய் நான் உருவ
பின்னாலேயே சோடாப் போத்தலை உருட்டிக்கொண்டு வந்தார்.
ஒருவரும் மூச்சு விடவில்லை.
ஒரு கொப்புளம் மட்டும் எழும்பி
இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அடுத்த வளவு புஸ்பமலர் வந்தாள்.
நேரே போய்த் தட்டினாள்.
டொக்.
"பலகையே?"
"ஓம், பலகை."
"வடிவாத்தான் கிடக்கு" என்று
இன்னொருக்கால் தட்டினாள்.

மூன்றாம் கிழமை
பொரித்த கையோடு தாச்சியை இறக்கி
நேரே அதன்மேல் வைத்துவிட்டார் இவர்.
எடுக்கும்போது
தேங்காய்ச் சிரட்டை அளவில் ஒரு பழுப்பு வட்டம்.
சுரண்டிப் பார்த்தார். துடைத்துப் பார்த்தார்.
பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

நான் லாச்சிக்குள் இருந்து ரேப்பை எடுத்தேன்.
இடப்பக்கம் இருபத்திரண்டு.
வலப்பக்கம் இருபத்திரண்டு.
இரண்டிடத்திலும் ஒன்றுமில்லை.

"தேத்தண்ணி வையுங்கோ" என்றேன்.