அறுபத்தி மூணு கிலோ

புறப்படும் முன் கேட்டே ஆகவேண்டும்.
"சிஸ்டர், உங்க எடை எவ்ளோ?"
தினம் தினம் கைக்குழந்தைகளைத் தராசில் தொங்கவிடும் யூனிஸ்
கூச்சப்படவில்லை.
"அறுபத்தி மூணு. பெட்டி ஆறு.
சோத்து மூட்டையச் சேக்கணுமா?"

குத்துக்கால் போட்டு உட்கார்ந்து
பின்பக்க ஸ்பிரிங்கை ஸ்பேனரால் இறுக்குகிறேன்,
நாலு பல்,
போதாது, இன்னொன்று.
ஓர் ஆளுக்கென்று வாங்கிய வண்டி.
வாங்கிய வாரமே பின்சீட்டுக் கால்மிதிகளைக் கழற்றி
பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தவன் நான்.
நேற்றிரவுதான் தேடிப் பூட்டினேன்,
இடதுபக்கத்து ஆணிக்காக
சத்துவாச்சாரியில் மூன்று கடை ஏறி இறங்கி.

என் தோளைப் பிடித்து ஏறுகிறாள்.
வண்டி ஒரு பக்கம் சாய,
இரண்டு பெருவிரல் நுனியில் நிற்கிறேன்
பூமியை விட்டுவிடாமல்.

அணைக்கட்டு வரைக்கும் தார்.
முள்ளுக்கத்தரி ஏற்றிய டெம்போ நினைத்த இடத்தில் நிற்க,
ஒவ்வொரு பிரேக்குக்கும்
அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில்
டொக்.
"சாரி."
டொக்.
"சாரிங்க."
ஒடுகத்தூர் தாண்டியதும் சாரி நின்றுவிட்டது.
டொக் நிற்கவில்லை.

மலையடியில் ஜீப் நிற்கிறது.
டிரைவர் பக்தவச்சலம் கையை விரிக்கிறார்:
"மூணு நாள் மழை, பாதையே இல்ல. நீ இன்னா பண்ணப்போற?"

எங்கள் இருவருக்கும் நடுவே தடுப்பூசிப் பெட்டி.
ஐப்பசியிலும் கொதிக்கும் வேலூர் வெயிலில்
என் முதுகெலும்பின் அடியில் மட்டும்
ஒரு கையகலக் குளிர்.

முதல் வளைவு.
நான் இடப்பக்கம் சாய
அவள் வலப்பக்கம் சாய்கிறாள்,
பஸ்ஸில் யாருக்கோ வழிவிடுகிற மரியாதையோடு.
பள்ளம் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.
"வளைவுல ஒண்ணும் பண்ணாதீங்க. மூட்ட மாதிரி இருங்க."
"மூட்டையா இருக்கவா
பி.எஸ்சி. நர்சிங் படிச்சேன்?"
ஆனால் அடுத்த வளைவில்
எந்தப் பக்கம் திரும்புகிறதோ
அந்தத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள்.
அவ்வளவுதான்.
வண்டி நேராகப் போக மறந்து
வட்டமாகப் போக ஆரம்பித்தது.

மூன்றாவது கொண்டையூசியில்
பாதை இருந்த இடத்தில் உருண்டைக் கற்கள்.
முன்சக்கரம் காகிதமாகிறது.
சொல்லாமலே இறங்கினாள்,
பெட்டியைப் பிள்ளைபோல் இடுப்பில் வைத்து,
"நீங்க போங்க, நான் நடந்தே வரேன்."

உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.
கால்மிதியில் எழுந்து நின்றேன்,
பழையபடி, ஒற்றை ஆளாக.
இருவருக்கென்று இறுக்கிய ஸ்பிரிங்
எனக்கு மட்டும் எப்படி அடங்கும்?
இரண்டாவது கல்லில்
பின்சக்கரம் உதைத்து எழும்ப
உண்ணிப்புதரில் கிடந்தேன்,
வாயில் மண்,
மேலே சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டு.

மூச்சிரைக்க ஏறி வந்தவள்
என்னைத் தாண்டிப் போய்ப் பாறையில் பெட்டியை வைத்து
மூடியைத் திறந்து பார்த்தாள்.
"நாலு டிகிரி. நல்லா இருக்கு."
அப்புறம்தான்
"நீங்க?"
"முட்டி."
"காட்டுங்க."
எரிகிற மருந்தை எரியாது என்று சொல்லித் தடவினாள்.

மேலே சாமைக் கொல்லை ஓரத்தில்
பதினொரு தாய்மார் காத்திருந்தார்கள்.
பன்னிரண்டு குழந்தைகள்,
இரட்டை ஒன்று.
முதல் அழுகை கேட்டதும்
மற்றதெல்லாம் ஊசிக்கு முன்பே சேர்ந்துகொண்டன.

இரவு அங்கேயே தங்குகிறாள்.
"நாளைக்குப் பத்து மணி. மறந்துடாதீங்க,"
ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்,
உள்ளே இன்னும் வியர்வை ஈரம்.

இந்த முறை ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன்,
ஐந்து பல்லும்.
மடக்க மறந்த பின்கால்மிதிகள்
வழியெல்லாம் செடிகளை ஒடித்துக்கொண்டே வந்தன.

ஒடுகத்தூர் டீக்கடையில்
ஹேண்டில்பாரில் தொங்கும் இரண்டு ஹெல்மெட்டைப் பார்த்து
அவராகவே இரண்டு டீ போட்டார்.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து,
இரண்டையும் குடித்தேன்.
இரண்டாவதில் சர்க்கரை தூக்கல்.