இரண்டாவது சாட்சி

ராதாபுரம் தேரி, ஆனிக் காற்று.
ஏவுதண்டில் நின்றபடியே
பதினோரு மீட்டர் பறந்துவிட்டது எங்கள் ராக்கெட்.

அழுத்தமானி அப்படித்தான் நம்பியது.
துளைவழி காற்று உறிஞ்ச, ஏற்றம்.
காற்று ஓய, இறக்கம்.
உச்சி என்று குறித்துக்கொண்டு
கருமருந்தைக் கொளுத்தியது.
டப்.
ஆரஞ்சுப் பாராசூட் செம்மணலில் இழுபட்டுப் போய்
வடலிப் பனையில் சிக்கியது.

"ஏறாமலே எறங்கிட்டுல்லா" என்றான் பிரிஜில்.
யாரும் சிரிக்கவில்லை.
வேன் வள்ளியூர் தாண்டியதும் சிரித்தோம்.

இரவு, விடுதி அறை.
பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் நகமளவு வெட்டி
சென்சார்மேல் ஒட்டினாள் மாடத்தி.
நான் ஒரு வரி சேர்த்தேன்:
முடுக்கமானியும்
உதை வாங்கினேன் என்றால் மட்டும்
நம்பு.

"ஈயம் ஆறட்டும், ஊதாதல."

ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது.
திரையில் உயரம்:
சுழியம், சுழியம்,
ஒன்று,
சுழியம்.