கூட்டறிக்கையில் வராதவை

சபையில் எனக்குப் பேச்சு இல்லை.
பேசியதை எழுதுவதுதான் வேலை.
சிங்களத்தில் வருவதைத் தமிழில்,
தமிழில் வருவதைச் சிங்களத்தில்.
இருமல், கதிரை இழுபடும் சத்தம்,
பணிஸ் தட்டு உள்ளே வரும்போது விழும் அமைதி
இவை போக மிச்சமெல்லாம் அறிக்கையில் ஏறும்.

கார்த்திகை. ஜன்னல் கொக்கி உடைந்திருந்ததால்
மூடுபனி மேசைவரை வந்து
கோப்புகளை நமுக்க வைத்தது.
பாதீட்டில் மிஞ்சியது பத்தொன்பது லட்சம்.
மிஞ்சிய பிரேரணை இரண்டு.

பதினாறு: மோர்ஸ்டன் நடுக்கணக்குப் பாடசாலை.
பின்சுவருக்கும் மலைக்கும் நடுவில்
போன வருடம் ஓர் ஆள் பக்கவாட்டில் போகலாம்.
இப்போது மூன்றாம் தரத்து ஜன்னலைத் திறந்தால்
ஈரமண் உள்ளே எட்டிப் பார்க்கிறது.

பதினேழு: மேல்கணக்கில் இருபது வீடு.
லயத்தை விட்டு வந்தவர்களுக்குக் கட்டியது.
ஏழு பேர்ச், நீலக் கதவு,
குசினிக்குள் பளபளவென்று பைப்.
திறந்தால் காற்று வரும்,
சில நாள் ஒரு பூச்சி.

தொழில்நுட்ப அலுவலர் விமலசேன
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுசன்.
பாடசாலை மாகாணத்துடையது, என்றார்.
வீடு அமைச்சினுடையது.
நிலம் கம்பெனியுடையது.
ஊற்று யாருடையது என்று கடிதம் போட்டிருக்கிறோம்,
பதில் வரவில்லை.
நமக்கென்று இருப்பது பாதை மட்டும்.

இத்தனை பேருக்குச் சொந்தமான மலையில்
யாருக்கும் சொந்தமில்லாதது சரிவு ஒன்றுதான்
என்று நினைத்தேன். எழுதவில்லை.

அப்போதுதான் புஷ்பகாந்தி எழுந்தார்.
பெண்களுக்கான பட்டியலில் வந்தவர்,
பதினான்கு மாதம் வாய் திறக்காதவர்.
கொழுந்துக் கறை போகாத விரலை
வரைபடத்தில் வைத்தார்.
"பள்ளிக்கூடத்துக்கு மேலால போற பாதை யாருது?"

பதிவேட்டைத் தேடி எடுத்தார்கள். தூசு.
இலக்கம் நாற்பத்து மூன்று, கோயிலடிப் பாதை,
நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். சபையுடையது.

"அப்ப அந்தப் பாதை சரியாம இருக்க
ஒரு அணைச்சுவர் கட்டுங்க.
சுவருக்குக் கீழ என்ன இருக்குனு
பதிவேடு கேக்காது."

யாரோ சிரித்தார். தவிசாளர் சிரிக்கவில்லை,
மேசையில் பேனாவால் இரண்டு தரம் தட்டினார்.
விமலசேன கணக்குப் போட்டார்:
பதினெட்டரை லட்சம்.
கை உயர்த்தியவர் எண்ணிக்கையை நான்தான் எண்ணினேன்.
பாடசாலை என்ற சொல் இல்லாமல்
ஒரு பாடசாலையைத் தாங்கும் வசனத்தை
இரண்டு மொழியிலும் எழுதினேன்.
என் வாழ்நாளில் நான் எழுதிய நல்ல வசனம் அது.

அடுத்த வரி: பிரேரணை பதினேழு,
எதிர்வரும் ஆண்டில் பரிசீலிக்கப்படும்.
கையெழுத்து நடுங்கவில்லை.
இருபதில் ஐந்தாவது வீடு என் அக்காவுடையது.
அதைச் சொல்ல அறிக்கையில் இடம் கிடையாது,
சொன்னால் என்னை எழுந்து போகச் சொல்வார்கள்,
அதுவும் நியாயம்தான்.

மிச்சம் ஐம்பதாயிரம்
சபா மண்டபத் திரைச்சீலைக்கு. ஏகமனதாக.

கடைசி பஸ். பிறகு நடை.
பீலிக்கரையில் வாளிகள் வரிசையாக நின்றன,
ஆள் இல்லாமலே தங்கள் முறையைக் காத்துக்கொண்டு.
அக்கா ஒரு தகர டின்னின் மேல் உட்கார்ந்திருந்தாள்.
பக்கத்தில் டார்ச் வெளிச்சத்தில்
வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தான் மகன்.

"என்னவாம்?"

"சுவர் வருது."

"பள்ளிக்கூடத்துக்கா?"

"பாதைக்கு," என்றேன்.

அவள் மகனைப் பார்த்தாள்.
மூன்றாம் தரம், ஜன்னலோரம் மூன்றாவது வாங்கு.
வெகுநேரம் பார்த்தாள்.
தண்ணீர் நூல்போல் விழுந்துகொண்டிருந்தது.
எங்கள் முறை வந்தபோது எழுந்து
முதல் வாளியை வைத்தாள்.

"சரி," என்றாள். "மத்தத நீ புடி."