கை காட்டிய படம்

போன தையில்
நாலு பைக்கில் எட்டுப் பேர்
தண்டையார்பேட்டையில் விடியுமுன் கிளம்பி
ஜவ்வாது மலை ஏறினோம்.
வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி
எங்களை நாங்களே படம் பிடித்துக்கொண்டோம்.
காவலூர் தாண்டியதும் குளிர்.
"இன்னாடா இது, ஏசிய ஆஃப் பண்ற பட்டன் எங்க?"
பல் கிட்டித்தது டில்லிபாபுவுக்கு.

சாமை காய்ந்த களத்தோரம்
தேன் விற்றவளிடம்
நீங்க எந்த ஆளுங்க என்று கேட்டான் எட்வின்.
மலையாளி என்றாள்.
"கேரளாவா?"
இதோடு எத்தனையாவது ஆளோ, அவள் சிரிக்கவில்லை.
"இந்த மலைதான்" என்று பாட்டிலைத் துடைத்தாள்.

பாட்டில் ஐநூறு.
மகன் எண்ணுக்கு ஜிபேயில் போட்டேன்.
மூன்று தடவை சுற்றிவிட்டு நாலாவதில் போனது.
காசு சேரக் காத்திருந்த நேரத்தில்
அவளை ஒரு படம் எடுத்தேன்.
பின்னால் மேகம் இறங்கிய சரிவு,
முன்னால் உயர்ந்த கை.
'கள்ளமில்லா வரவேற்பு' என்று ஸ்டேட்டஸ் வைத்தேன்.
அறுபத்திரண்டு பேர் பார்த்தார்கள்.
அத்தை மகள் இதயம் போட்டாள்.

ஆடியில் ஒரு மதியம்
பட்டறையில் லாரித் தார்ப்பாய்க்கு
ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன்.
தெரியாத எண்.
"தேன் வாங்கினீங்களே அண்ணா,
வேடியப்பன் பேசுறேன்.
அப்பா கை மெஷின்ல மாட்டிக்கிச்சு.
ஸ்டான்லிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க.
மெட்ராஸ்ல எங்ககிட்ட
உங்க நம்பர் மட்டும்தான் இருக்கு."

வெறுங்கையோடு எப்படிப் போவது?
போகிற வழியில் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு
லேமினேட் பண்ணிக்கொண்டேன்.

வார்டுக்கு வெளியே
பாயும் ஃபிளாஸ்க்குமாக நூறு பேர்.
அதில் ஒருத்தி காசியம்மாள்.
பெயரையே அன்றுதான் கேட்டேன்.
உள்ளே சடையன்,
வலது கையைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள்.
மூன்று விரலைச் சேர்த்துத் தைத்தாயிற்று.
ஒன்று இல்லை.

படத்தை வாங்கி
ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.
"வேணாம்னு கை காட்டினேன்.
அதுக்குள்ள எடுத்துட்டியா."
தையல் பிரிக்கிற தேதியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.
ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழ் இருந்தது.
எட்டி அதை நகத்தால் அழுத்தினேன்.
அது வேறு பக்கம் போனது.

ஐந்தாம் நாள்
கடல் கிட்டவா என்றான் வேடியப்பன்.
காசிமேட்டுப் பக்கம் கூட்டிப்போனேன்.
ஐஸ் லாரி, டீசல் நாற்றம்,
வலை காயும் வெயில்.
பையன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினான்.
காசியம்மாள் கடலை ஒருதடவை பார்த்தாள், அவ்வளவுதான்.
கரையில் கொட்டிக் கிடந்த பாறைகளிடம் போனாள்.
அலை ஊருக்குள் வராமலிருக்கப் போட்டது என்றேன்.
காது கொடுக்காமல்
ஒரு கல்லின் விலாவில்
நேர்கோடாய் இறங்கிய பள்ளத்தில் விரலை ஓட்டினாள்.

"வெடி வெக்கத் தோண்டின குழி.
மலைக்கல்லு இது."

எந்த மலை?

"எனக்கென்ன தெரியும்.
ஏதோ ஒண்ணு. முழுசா இருந்திருக்கும்."

என் முதல் பீடி அந்தக் கல்லில்.
எட்வின் மண்டை உடைந்ததும் அதில்தான்.
ஒரு பக்கம் கட்சிக்காரன் அடித்த பெயின்ட்,
மறுபக்கம் நண்டு.
மலை பார்க்க
இருநூறு கிலோமீட்டருக்கு மேல்
பெட்ரோல் போட்டுப் போனவன் நான்.

மகனிடமிருந்து போனை வாங்கினாள்.
"தம்பி, அதுமேல ஏறி நில்லு.
எடுக்கட்டுமா?"

கேட்டுவிட்டுப் போனைத் தாழ்த்தி
பதிலுக்கு நின்றாள்.
ஒரு விசைப்படகு உள்ளே திரும்பியது.
ரெண்டு அலை உடைந்தது.

ம் என்றேன்.
சட்டையின் மேல் பொத்தானைப் போட்டேன்.
தார்ப்பாய்ப் பசை காய்ந்து ஒட்டிய விரல்கள்.
எங்கே வைப்பது
இந்தக் கைகளை.