பின்பக்கம் பார்க்கலாமா

மே மாதம். பனித்தளத்தை உருக்கி வடித்தாயிற்று.
ஹாக்கி அரங்கில் இப்போது வெறும் சிமென்ட்,
பழைய பூச்சின் நீலக்கறை நடுவில் ஒரு கோடாக.
குழாய் நட்டு, கம்பி பூட்டி,
நூற்றுப் பதினான்கு ஒட்டுப்போர்வைகளைத்
தொங்கவிட்டது நான்தான்.
சம்பளத்துக்கு. ஆர்வத்தால் அல்ல.

வெள்ளைக் கையுறைக்காரர்கள் மட்டுமே போர்வையைத் தொடலாம்.
கேட்பவர்களுக்கு ஓரத்தை இரு விரலால் பிடித்துத்
திருப்பிக் காட்ட வேண்டும்.
அவர்களில் ஒருத்தி வரவில்லை,
பண்ணையில் பசு கன்று ஈனுகிறதாம்.
சங்கத் தலைவி என் நகங்களைப் பார்த்தாள்,
கிரீஸைப் பார்த்தாள்,
இரண்டு ஜோடி நீட்டினாள்.
ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள், ஓரெஸ்ட்.

முதல் ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டேன்:
முன்பக்கம் பார்ப்பவர்கள் அழகு என்கிறார்கள்.
பின்பக்கம் கேட்பவர்கள் எதுவும் சொல்வதில்லை,
மூக்கு உரசக் குனிந்து
முடிச்சைத் தேடுகிறார்கள்
கடன் பத்திரம் படிப்பது மாதிரி.

நவீனம் என்று பலகை மாட்டிய வரிசை
நீலக்கோட்டுக்கு அப்பால்.
சாம்பல் வெளியில் ஒரே ஒரு சிவப்புச் சதுரம்.
வேலை பாக்கி போல என்றேன்.
செய்தவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.
அதுதான் வேலை என்றாள்.

அறுபத்தேழாம் எண் கண்ணைக் குத்தியது.
சாலைப்பணி மேலங்கிகளை வெட்டித் தைத்தது.
ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள், மறுபடி ஆரஞ்சு.
மார்னி டேவ்ஸ் செய்தது.
நெடுஞ்சாலையில் நில், மெதுவாக என்று
பலகை திருப்புகிறவள்.
நடுவரின் சீட்டைப் பக்கத்தில் குத்தியிருந்தார்கள்:
துணிச்சலான முயற்சி.
நிறங்களுக்குள் வேறுபாடு போதாது.
இடது கீழ் ஓரம் நேராக இல்லை.

மார்னி அதை இரண்டு முறை படித்தாள்.
பின்பக்கம் பார்க்கலாமா என்றாள் என்னிடம்.
தன் போர்வையானாலும் வெறுங்கையால் தொடக்கூடாதே.
திருப்பினேன்.
மார்க்கரில் பதினாறு பெயர்கள், ஒரு கோடையின் குழு.
மூலையில் பழுப்பாக ஒரு கறை.
காபியா?
இல்லை.
நேராக இல்லாத அந்த ஓரம்
ஆம்புலன்ஸ்காரரின் கத்தரி போன வழி.
எல்வுட்டின் அங்கி.
கழற்ற நேரமில்லாமல் வெட்டி எடுத்தார்கள்.
அதை மட்டும் நான் நேராக்கவில்லை என்றாள்.

எல்வுட் எங்கே என்று கேட்க
எனக்கு நாக்கு எழவில்லை.
அவளே கை காட்டினாள்.
பெனால்டி பெட்டிக்குப் பக்கத்தில், ருபார்ப் பை விற்கும் மேசையில்
ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு
மூன்றாவது துண்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு மேற்கே மேகம் கட்டியது.
மூன்றே காலுக்கு ஒரே இடி, விளக்கெல்லாம் போயிற்று.
ஜன்னல் இல்லாத கட்டடம்.
ஒரு குழந்தை சிரித்தது.
யாரும் போர்வையைப் பிடிக்காதீர்கள்!
அது தலைவியின் குரல்.
சுவரைத் தடவித் தடவிப் போய்
பனி வழிக்கும் வண்டியில் ஏறி
முன்விளக்கைப் போட்டேன்.

மற்றதெல்லாம் ஏதோ துணி.
அறுபத்தேழு மட்டும் பற்றிக்கொண்டது.
மஞ்சளுக்குள் தைத்த வெள்ளிப் பட்டைகள்
வெளிச்சத்தை வாங்கிய கையோடு திருப்பி எறிந்தன.
ஒரு சாலை. வளைவில் கூம்புகள்.
பகலெல்லாம் ஒளிந்திருந்த பதினாறு ஆட்கள்,
கோணல் ஓரத்தில் ஒருவன் சற்றே சாய்ந்து.

நான் கத்தினேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.
எங்கே, எங்கே என்கிறார்கள்.
பக்கவாட்டில் நின்றால் தெரியாது என்றாள் மார்னி இருட்டிலிருந்து,
வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரிந்தால் போதும் நாங்கள்.

பிறகு வரிசை கட்டினார்கள்.
ஒவ்வொருவராக என் இருக்கைப் பக்கம் ஏறி,
பார்த்து, பேசாமல் இறங்கினார்கள்.
நடுவரம்மாளும் செருப்பைக் கையில் பிடித்து ஏறினாள்.
எல்வுட் மட்டும் வரவில்லை.
அந்தச் சாலையை எனக்குத் தெரியும் என்றான், வாயில் பையோடு.

மின்சாரம் வந்ததும் அது மறுபடி
கண்கூசும் ஆரஞ்சுத் துணி.
சீட்டை யாரும் மாற்றவில்லை.

ஆறு மணிக்குக் கையுறைகளைக் கழற்றினேன்.
மேல் ஜோடி வெள்ளை.
உள் ஜோடியைத் தலைவி வாங்கிக்கொள்ளவில்லை,
நீயே வைத்துக்கொள் என்றாள்.