விடுதலைப் பத்திரம்

காலை ஒன்பதரை, மன்னார்குடி, கல்லூரி ஆய்வகம்.
பாமணியாற்று மதகோரம் மொண்ட தண்ணீரில் ஒரு சொட்டு.
கண்ணாடிச் சில்லின் மேல் அது நடக்கிறது,
ஆக்ஸிட்ரைக்கா. ஒரே செல்.
வயிற்றடி மயிர்க்கற்றைகள்தாம் கால்.
பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி ஓட்டம்.

மூன்றாமாண்டுப் பிள்ளைகளிடம் சொன்னேன்:
இதற்குக் கரு இரண்டு வகை.
சின்னது பேசாது, எதையும் தொலைக்காது.
தின்பது, செரிப்பது, நடப்பது எல்லாம் பெரியதன் கணக்கு.
சின்னது மூலப்பத்திரம், பெரியது நகல் என்றேன்.
கடைசி பெஞ்சு சிரித்தது.
என் கைப்பையில் இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

பசி வந்தால் இரண்டு செல் ஒட்டிக்கொள்ளும்.
ஆளுக்குப் பாதி மாற்றிக்கொண்டு பிரியும்.
குழந்தை கிடையாது.
போவது அதே இரண்டு உடம்பு, வேறு இரண்டு ஆள்.
பழைய பெரிய கரு கரைய
சின்னதன் பிரதியிலிருந்து புதியது எழும்,
நூற்றில் தொண்ணூறுக்கு மேல் வெட்டி எறிந்துவிட்டு.
மிச்சத் துண்டுகளில் ஏழாவது முதலில் கிடக்கும்,
மூன்றாவது தலைகீழாய்,
நாலாவது எங்கோ வேறொரு வயலில்.
எடுத்து வரிசையாய்க் கோக்கும்.
வரிசை யார் சொன்னது மேடம்?
கரைகிறதே, அந்தப் பழசுதான்.
போகிற போக்கில் ஒரு சீட்டு எழுதிவைத்திருக்கும்.

மதியம் அரைநாள் விடுப்பு.
நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல் மூடியிருந்தது.
நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில்.
எஞ்சினை இந்தத் தலையில் கழற்றி
அந்தத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஸ்கூட்டி மேல் வைத்து மறுபடி படித்தேன்:

ஒளிமதி கிராமம், நன்செய், இரண்டு மா முப்பது குழி.
வடக்கே வாய்க்கால், கிழக்கே கோயில் நிலம்.
எழுதி வாங்குபவர் சகோதரர் கலியமூர்த்தி.
எழுதிக் கொடுப்பவர் சகோதரி தையல்நாயகி.
இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ
யாதொரு பாத்தியமும் இல்லை.

விடுதலை. யாருக்கென்று தலைப்பில் இல்லை.

அண்ணன் கெட்டவன் இல்லை.
கல்யாணத்தில் போட்ட பவுனை விரல் விட்டு எண்ணுவான்,
தப்பாக எண்ணமாட்டான்.
செல்லும் அப்படித்தானே:
இந்த உடம்பு நடக்க இது வேண்டாம்.

அடியில் வில்லங்கச் சான்று, அதைப் புரட்டினேன்.
எண்பத்தேழில் விடுதலை, செண்பகவல்லி, என் அத்தை.
அறுபத்தொன்றில் விடுதலை, அஞ்சலையம்மாள்.
யார் இந்த அஞ்சலையம்மாள்?
வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.
முத்திரையும் தேதியுமாய் இருக்கிறாள்.

வகுப்பில் மணி அடித்துவிட்டதால் சொல்லாமல் விட்டது இது:
வெட்டியதெல்லாம் சின்னதில் அப்படியே கிடக்கும்.
ஒரு தடவை வெட்டினால் தீராது.
ஒவ்வொரு பசிக்கும் முதலிலிருந்து
மொத்தத்தையும் விரித்து
மறுபடி வெட்டியாக வேண்டும்.

ஆய்வகத்தில் அந்தச் சொட்டு காய்ந்திருக்கும்.
காய்ந்தால் அது உருண்டு உறை கட்டிக்கொள்ளும்.
செத்ததா என்று பார்த்தால் தெரியாது.

கேட் தூக்கிவிட்டார்கள்.
பின்னால் ஹாரன்.
போன் அடிக்கிறது, அண்ணன்.
இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது.