புள்ளிக்குப் பின்னால் இரண்டு தண்ணீர்

ஐந்து புள்ளி எட்டு ஐந்து கிராம் உப்பு
அரை லிட்டர் கரைசலில்.
மோலாரிட்டி என்ன?
நீர் தூயது எனக் கொள்க.

கொண்டேன்.
கருங்கண்ணி கூட்டுறவுச் சங்கத்தில்
சித்திரை மதியம்
மின்விசிறியும் நின்றுபோன பிறகு
எதையும் கொள்ளலாம்.
பில் புத்தகத்தின் கார்பன் தாளுக்கு அடியில்
விடை நீலமாக விழுகிறது: புள்ளி இரண்டு.
பின்பக்கம் புரட்டினால் அங்கேயும் புள்ளி இரண்டு.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கிறது.
கோடவுனில் ஜிப்சம் மூட்டைகள் மட்டும்.

எட்டு வருஷமாக நிற்கும் பாக்கி இது.
யார் எவ்வளவு தர வேண்டும் என்று
பேரேட்டைப் பார்க்காமல் சொல்வேன், பட்டா எண்ணோடு.
என் கணக்கு ஒரே வரி:
வேதியியல், இருபத்தொன்பது.
அது முப்பத்தைந்தானால்
இந்த நாற்காலி எனக்கு நிரந்தரம்.

அயனிகள் பரவாயில்லை.
ஒருவர் விட்டதை இன்னொருவர் வாங்கியிருப்பார்,
கூட்டினால் பூஜ்ஜியம்,
சாயங்காலம் கல்லா நேராவது மாதிரி.
அலுமினியத்துக்கு மூன்று, சல்பேட்டுக்கு இரண்டு,
குறுக்கே மாற்றிப் போடு, அடைப்புக்குறியை மறக்காதே.
மறந்தேன்.
நாற்பத்து மூன்று ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு
ஒரு பொருள் தாளில் நின்றது
உலகத்தில் எங்கும் இல்லாமல்.

சோடியத்தை எதற்கு 'எனே' என்று எழுத வேண்டும்?
ரேஷன் கார்டில் நான் குணவதி,
சான்றிதழில் குணாவதி,
மூன்றும் ஒரே ஆள் என்று
நோட்டரியிடம் எழுதி வாங்கியபோது
அதில் மூன்றாவதாக ஒரு குனவதி.
சோடியத்துக்கு இந்த அலைச்சல் இல்லை.

நாலு மணிக்கு மரியசெல்வம் வந்தார், ஆறு மூட்டைக்கு.
கடல் ஏறிய வருஷத்திலிருந்து
வெள்ளை பூத்துக் கிடக்கிறது அவர் வயல்.
"இதப் போட்டா உப்புப் போயிருமா?"

பில்லின் முதுகில் போட்டுக் காட்டினேன்:
களிமண்ணைப் பிடித்துக்கொண்டு இரண்டு சோடியம்.
கால்சியம் ஒன்று வரும்,
இரண்டையும் நகர்த்திவிட்டு அங்கே உட்காரும்.
உப்புப் போகாது, இடம் மாறும்.
கரைந்து நிற்கும்.
"நின்னா?"
தண்ணீர் கட்டி வடித்தால் வாய்க்காலோடு போய்விடும்.
"தண்ணி?"

புத்தகமாக இருந்தால்
கேள்விக்கு முன்னாலேயே அச்சடித்திருப்பார்கள்,
போதிய நீர் உள்ளது எனக் கொள்க.
அவர் என் தலைக்கு மேலே
நாள்காட்டியைப் பார்த்தார்.
கடைமடைக்கு முறை வரும் தேதி அதில் இல்லை.
"மூணு போடு. மிச்சம் பாத்துக்கலாம்."

அவர் வண்டி போன புழுதி அடங்குமுன் அடுத்த கணக்கு.
ஜிப்சத்தின் மோலார் நிறை காண்க:
கால்சியம் சல்பேட், ஒரு புள்ளி, இரண்டு தண்ணீர்.
நூற்று முப்பத்தாறை முப்பத்தாறால் பெருக்கினேன்.
நாலாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு.
பின்பக்கம் சொன்னது
நூற்று எழுபத்திரண்டு.

மெய்யெழுத்தின் தலையில் வைத்தால் உயிரை எடுக்கும்,
எண்ணுக்கு நடுவில் வைத்தால் பத்தில் ஒன்றாக்கும்,
அந்தப் புள்ளி
இங்கே பெருக்கலும் இல்லையாம்.
கூட இருக்கிறது என்று அர்த்தமாம்.
படிகம் கட்டியபோது உள்ளே தங்கிவிட்ட தண்ணீர்.

புத்தகத்தில் இல்லாத கணக்கொன்று போட்டேன்.
ஐம்பது கிலோ மூட்டைக்குள்
பத்தரைக் கிலோ தண்ணீர், சற்றே குறைய.
ஜிப்சம் தூயது எனக் கொள்க.
(தூயதில்லை. போன வாரம் செங்கல் துண்டு இருந்தது.)
இருப்பு இருநூற்று நாற்பது மூட்டை.
வெள்ளையாறு மணலாய்க் கிடக்கும் மாதத்தில்
இரண்டரை டன் தண்ணீருக்கு
நான் பூட்டுப் போடுகிறேன்.
இருப்புப் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

விளக்கை அணைக்கும்முன்
ஒரு மூட்டையின் மேல் கையை வைத்துப் பார்த்தேன்.
காய்ந்துதான் இருந்தது.
ஒட்டிய வெள்ளையைப் புடவையில் துடைத்துவிட்டு
சைக்கிளை எடுத்தேன்.